சுகரால் வரும் நரம்புச் சேதம் ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது?

சுகர் வந்து சில வருடங்கள் ஆனவர்களிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பலர் இரண்டு பதில் சொல்வார்கள். பாதம் எரிகிறது, ராத்திரியில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை என்பது ஒன்று. கால் மரத்துப்போய் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பது இன்னொன்று. மரத்த காலில் எரிச்சல் எப்படி வரும்?

தசையும் கொழுப்பும் இன்சுலின் வந்து சொன்னால்தான் குளுக்கோஸைத் தாராளமாக உள்ளே விடும். நரம்புக்கு அந்தக் காவல் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறும். மிஞ்சிய குளுக்கோஸை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. இந்த வேலைக்குச் செலவாகும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறுதான், செல்லைத் துருப்பிடிக்காமல் காக்கும் குளுட்டதயோனைப் புதுப்பிக்கவும் தேவை. அது தீர்ந்துபோக, ஆக்சிஜனேற்றச் சேதம் ஆரம்பிக்கிறது. சரி, அந்த நொதியை மட்டும் தடுத்துவிட்டால்? பல ஆண்டுகள் முயன்றும் பெரிய பலன் வரவில்லை. எபால்ரெஸ்டாட் என்ற மருந்து ஜப்பான், இந்தியா போன்ற சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். காரணம், சேதத்துக்கு வழி ஒன்றல்ல. சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது. நரம்புக்கே சோறு போடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் தடித்துப் போகின்றன. ரத்தக் கொழுப்பும் உடல் பருமனும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அதனால்தான் சுகர் முழுதாக வருவதற்கு முந்தைய கட்டத்திலேயே சிலருக்கு எரிச்சல் ஆரம்பித்துவிடுகிறது.

இதெல்லாம் உடம்பு முழுக்க நடக்கிறது. ஆனால் அடி முதலில் பாதத்துக்கு விழுவது நீளத்தால். பாதத்தின் தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டின் அருகே இருக்கிறது. அதன் இழை கால் விரல் வரை ஏறக்குறைய 1 மீட்டர் ஓடுகிறது. புரதங்கள் அந்தச் செல் உடலில்தான் பெரும்பாலும் தயாராகி இழை வழியே போக வேண்டும். மெதுவாகப் போகும் சில புரதங்களின் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்; அப்படிப் பார்த்தால் பாதத்தை எட்ட 3 வருடம் பிடிக்கலாம். குழாயில் அழுத்தம் குறைந்தால் தெருக்கோடி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எரிச்சல் முழங்காலை நெருங்கும்போதுதான் கை விரல் நுனிகளில் மரமரப்பு தொடங்கும்.

இப்போது, மரத்த காலில் எரிச்சல் எப்படி என்ற அந்தப் புதிர். நரம்பு இழைகளின் நுனிகள் கருகிவிட்டதால் வெளியிலிருந்து தொடுவது தெரிவதில்லை. மிச்சமிருக்கும் அரைகுறை இழைகளோ, சிக்னலைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் தாறுமாறாகத் திறப்பதால், யாரும் தொடாமலே சிக்னல் அனுப்புகின்றன. தண்டுவடமும் அதைப் பெரிதாக்கி மூளைக்கு அனுப்புகிறது. சாதாரண வலி மாத்திரை இதில் தோற்பது இதனால்தான். பிரீகபாலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை இந்த வீண் சத்தத்தை அடக்கும். கெட்ட நரம்பைச் சீராக்காது.

என்னைக் கேட்டால், எரிச்சலைவிட மரத்துப்போவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். எரிகிற கால் டாக்டரிடம் இழுத்துப் போகும். மரத்த கால், அக்னி நட்சத்திர வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் சுற்றி வந்தாலும் சும்மா இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் சிலர் நடந்துபோவார்கள். ஆணி குத்தி, புண்ணாகி, சீழ் வைத்த பிறகே கவனிப்பு வரும். விரலை எடுக்கும் அளவுக்குப் போவதும் இப்படித்தான்.

1948-லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் சென்னை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான கணக்கெடுப்பையும் சென்னை ஆராய்ச்சியாளர்கள்தான் முன்னின்று நடத்தினார்கள். ஆனாலும் டாக்டர் முன்னால் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்ட நம்மவர்களுக்குக் கூச்சம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும். உணர்வு குறைந்ததைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் ஒரு விஷயம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது; அசைவம் தொடாதவர்களுக்கு இன்னும் எளிதாக. அந்தக் குறைவும் இதே எரிச்சலையும் மரமரப்பையும் தரும். பழியைச் சுகர் மேல் போட்டுவிட்டு எழுந்து வராமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவு அதுதான் என்றால் ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுகட்டிவிடலாம்.