“வேணும்னே பண்றா டாக்டர்”

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ள மகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் இந்த வரியில்தான் ஆரம்பிப்பார்கள். காலையில் உயிராக இருந்த தோழி, மாலையில் போனை எடுக்கவில்லை என்றதும் துரோகி ஆகிவிடுகிறாள். ஒரே கத்தல், அப்புறம் வெறுமை, கையில் புதிதாக ஒரு காயம். வீட்டாருக்கு இது மிரட்டலாகத் தெரிகிறது. அவளுக்கோ, விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் தாங்க முடியாத வலி.

பரம்பரைக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. சிறுவயதுக் கொடுமையும் புறக்கணிப்பும் பலரிடம் இருக்கின்றன, எல்லோரிடமும் இல்லை. அதனால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். சட்டென்று கொதித்து மெதுவாக அடங்கும் மனசு சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. அந்தப் பிள்ளையிடம் “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தன் உணர்ச்சியைத் தானே நம்பாமல் வளர்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் தந்த விளக்கம் இது. பதின்வயதில் தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்ததை 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் நோய்) என்று நினைத்து, பை நிறைய மாத்திரைகளோடு வருபவர்களும் உண்டு. பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் சில மணி நேரத்திலேயே மாறிவிடும். இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவோம், அவ்வளவுதான். முக்கிய சிகிச்சை பேச்சுதான். கொதிக்கும் உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தர லினஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) முறையில் வாரந்தோறும் தனி அமர்வு, குழுப் பயிற்சி என்று ஏறக்குறைய ஒரு வருடம் போகும். கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஐஸ் தண்ணீரில் சில நொடிகள் முகத்தை வைக்கச் சொல்வோம். இதயத்துடிப்பு குறையும், அந்த நிமிடம் கடந்துவிடும். (இதய நோய் இருந்தால் வேண்டாம்.) முழு டிபிடி எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அந்தத் திறன்களைத் தனி அமர்விலும் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டார் செய்யக்கூடியது: “அவ போன் எடுக்கலன்னதும் ரொம்ப பயந்துட்டியா?” என்று முதலில் கேளுங்கள். புத்திமதி அப்புறம். அவள் கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்தவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அறிகுறிகள் அடங்கின. வேலை, உறவு என்று முழுதாக மீண்டவர்கள் பாதிப் பேர்.

சாவைப் பற்றிப் பேசினால் ‘சும்மா சொல்றா’ என்று விடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.