அப்டேக்னா உறிஞ்சுதல் இல்லைங்க, பற்றுகை

எலும்பு ஸ்கேன் (bone scan) பத்தி தமிழ்ல எதை எடுத்தாலும் "வளரும் எலும்பு கதிரியக்கப் பொருளை அதிகம் உறிஞ்சுகிறது"ன்னே எழுதுறாங்க, படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு. இங்கிலீஷ்ல இதுக்கு அப்டேக் (uptake)னு பேரு. அப்டேக்னா எடுத்துக்கிறது, அவ்வளவுதான், உறிஞ்சல் அதுல எங்கயும் இல்ல.

உறிஞ்சினா ஒண்ணை உள்ள இழுத்து ஊற வச்சுக்கணும். இங்க நடக்குறது வேற. ஊசியில போடுற டெக்னீசியம்-99எம் எம்டிபிங்கிற கதிரியக்கப் பொருள் ரத்தத்தோட போய், எலும்புல புதுசா தாது படியுற இடத்துல ஹைட்ராக்சிஅபடைட்ங்கிற எலும்புத் தாதுவோட படிகங்கள் மேல ஒட்டிக்குது. புதுப் படிகமும் ரத்த ஓட்டமும் எங்க அதிகமோ அங்க அதிகமா சேரும். அதனாலதான் குழந்தைங்க ஸ்கேன்ல முழங்காலுக்கு மேலயும் கீழயும் வளர்ச்சித் தட்டு இருக்குற இடம் ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி அடர்ந்த பட்டையா தெரியுது, வளர்ச்சி முடிஞ்சு தட்டு மூடினதும் அந்தப் பட்டை மறைஞ்சிடும். உறிஞ்சுதுன்னு படிக்கிற பெத்தவங்க கதிரியக்கம் பிள்ளை எலும்புல ஊறி நிரந்தரமா தங்கிடும்னுதானே பயப்படுவாங்க? ஒட்டாத மிச்சம் சிறுநீர்ல போயிடும், ஒட்டினதோட கதிரியக்கமும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு நாள்ல பதினாறுல ஒரு பங்குதான் மிஞ்சும்.

சிலர், மேற்பரப்புல ஒட்டுறதுக்குப் பாடப்புத்தகத்துல இருக்குற "பரப்புக் கவர்தல்" போதுமேங்குறாங்க. எலும்புக்கு அது சரிதான், ஆனா தைராய்டு அயோடினை எடுத்துக்கிறதுக்கும் அப்டேக்னுதான் பேரு, அங்க அயோடின் செல்லுக்குள்ளயே போகுது, பரப்புன்னு எப்படிச் சொல்றது? "ஏற்பு"ன்னு போடலாம்னா செல்லுல ஹார்மோன், மருந்தெல்லாம் வந்து சேர்ற ரிசெப்டரை ஏற்பின்னு சொல்லிப் பழகியாச்சு, ரெண்டும் குழம்பும். கொடி பந்தலைப் பற்றுது, தீ பற்றுது, சாயம் நூலைப் பற்றுதுன்னு நம்ம பேச்சுல இருக்குற பற்றுதலே ரெண்டுக்கும் கச்சிதமா பொருந்துது. பற்றுகைன்னு எழுதுங்க, அதிகப் பற்றுகை, குறைந்த பற்றுகைன்னு அளவும் சொல்ல வரும்.

அகராதியைப் பிரிச்சு முதல்ல கண்ணுல பட்ட சொல்லை ஒட்டிட்டுப் போற பழக்கம்தான் இதுக்கெல்லாம் காரணம். உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு பத்தி படிச்சுட்டு மொழிபெயர்த்தா இந்தத் தப்பு வராது. ஸ்கேன்ல அடர்ந்து தெரியுற ஹாட் ஸ்பாட்டை "வெப்பப் பகுதி"ன்னு போடுறதும் இதே கதைதான், அந்த இடத்துல சூடே கிடையாது, காமா கதிர் கூடுதலா வருது. அதையும் பற்றுகை மிகுந்த இடம்னு எழுதினா யாருக்கும் புரியும்.