கையடக்க ஜிபிஎஸ் கேட்பது ஒரு கோப்பைத்தான்

கார்மின் இட்ரெக்ஸ் 20, ஜிபிஎஸ்மேப் 64 போன்ற கருவிகளைக் கணினியில் செருகினால், கணினிக்கு அவை வெறும் தம்ப் டிரைவ்தான். உள்ளே ‘கார்மின்’ என்ற கோப்புறை, அதற்குள் ‘ஜிபிஎக்ஸ்’. ஜியோகேஷ் (ஒருவர் ஒளித்துவைக்க, மற்றவர்கள் ஜிபிஎஸ் கொண்டு தேடிப்பிடிக்கும் பெட்டி) விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது இடப்புள்ளிகளை எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய உரைக்கோப்பை, அங்கே நகலெடுத்துவிட்டு, கருவியை முறையாக வெளியேற்றி மறுபடி இயக்கினால் போதும். தொடங்கும்போது கருவி அந்தக் கோப்புறையைத் தானே படித்துக்கொள்ளும். இதற்கு விண்டோஸும் வேண்டாம், தனி மென்பொருளும் வேண்டாம்.

செருகியும் திரையில் கணினிப் படம் வரவில்லையா? முதலில் வடத்தைச் சந்தேகியுங்கள். மேசை விசிறியோடு வரும் மினி யூஎஸ்பி வடங்கள் சிலவற்றில் மின்சாரம் மட்டுமே போகும், தரவுக் கம்பி இருக்காது.

சிங்கப்பூரில் மெக்ரிச்சி, உபின் தீவு என்று வட்டாரம் வட்டாரமாகப் பாக்கெட் குவெரி (ஜியோகேஷிங் தளம் தரும் கேஷ் தொகுப்பு) எடுத்தால், ஒவ்வொன்றும் ஒரு ஸிப் கோப்பாக வரும். கருவி ஸிப்பைத் திறக்காது, நீங்கள்தான் விரிக்க வேண்டும். உள்ளே இரண்டு கோப்புகள் இருக்கும். பெயரில் ‘டபிள்யூபிடிஎஸ்’ என்று முடிவதில் கார் நிறுத்துமிடம், இடைக்கட்டப் புள்ளிகள் போன்றவை இருக்கும். அதையும் சேர்த்தே நகலெடுங்கள். இக்கோப்புகளை வேறு மென்பொருளில் திறந்து சாதாரண ஜிபிஎக்ஸாகச் சேமித்தால் குறிப்பு, விவரணை, பழைய பதிவுகள் எல்லாம் உதிர்ந்துபோய், வெறும் வழிப்புள்ளிதான் மிஞ்சும்.

மேக்கில் வரும் தொல்லை விசித்திரமானது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு மேக் சில கூடுதல் பண்புகளை ஒட்டிவைக்கிறது. ஃபேட் என்ற எளிய அமைப்பில் உள்ள கருவியின் வட்டில் அவற்றை வைக்க இடமில்லை. எனவே புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் துணைக்கோப்பு ஒன்றை மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டர் அதே கோப்புறையில் எழுதிவிடுகிறது. ஃபைண்டரில் அது கண்ணில் படாது. அதன் பெயரும் ஜிபிஎக்ஸ் என்றே முடிவதால் கருவி அதையும் படிக்கப் போய்த் திணறும், சில வேளை தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். டெர்மினலில் டாட்_கிளீன் கட்டளையை ‘-எம்’ தெரிவோடு கருவியின் வட்டில் ஓட்டினால் துணைக்கோப்புகள் போய்விடும். அழித்த கோப்புகளும் கருவியிலேயே மறைவான குப்பைத்தொட்டியில் கிடந்து இடத்தை அடைக்கும். கருவி இணைப்பில் இருக்கும்போதே தொட்டியைக் காலி செய்யுங்கள்.

லினக்ஸில் பிடுங்கும் அவசரம்தான் எதிரி. நகலெடுக்கும் சாளரம் மறைந்த பிறகும் தரவு நினைவகத்தில் காத்திருக்கலாம். அப்போது வடத்தை உருவினால் எக்ஸ்எம்எல் பாதியில் அறுந்து, இறுதிக் குறி இல்லாத கோப்பாகிவிடும். கருவி அதைப் படிக்காது, ஒரு கேஷும் தெரியாது.

ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் போன்ற பழைய கருவிகளுக்கு வட்டு வழி உதவாது, புள்ளிகளைக் கருவிக்கு அனுப்பும் ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருள் வேண்டும். உள்ளீடு ‘ஜிபிஎக்ஸ்’, வெளியீடு ‘கார்மின்’, இலக்கு ‘யூஎஸ்பி:’ என்று கொடுங்கள். அந்த முக்காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். லினக்ஸில் கார்மின்_ஜிபிஎஸ் என்ற கெர்னல் தொகுதி (இயக்க முறைமையோடு வரும் இயக்கி) முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடைப்பட்டியலில் போட்டால்தான் ஜிபிஎஸ்பேபலுக்கு வழி கிடைக்கும். 60சிஎஸ்எக்ஸ் 1000 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. புதிய ஜிபிஎஸ்மேப் 67இல் வேறு கதை: வட்டாக இல்லாமல் கைப்பேசிபோல் கோப்புகளைப் பரிமாறும் எம்டிபி முறையில் இருந்தால் ஃபைண்டருக்கு அது தெரியவே தெரியாது. ஓபன்எம்டிபி போன்ற செயலி தேவைப்படும்.

கையால் புள்ளி சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎக்ஸ் கேட்பது தசமப் பாகை, கேஷ் பக்கம் காட்டுவதோ பாகையும் தசம நிமிடமும். 1 பாகை 17.4 நிமிடம் என்பது 1.29. அதை 1.174 என்று எழுதினால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தெற்கே, சிங்கப்பூர் நீரிணையில் தேட வேண்டியிருக்கும்.

கண்டுபிடித்த கேஷ்கள் ஜியோகேஷ்_விசிட்ஸ் என்ற உரைக்கோப்பில் பதிவாகும். அது யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் இருப்பதால் சொல் தேடும் கிரெப் கட்டளைக்கு ஒன்றும் அகப்படாது. முதலில் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் கட்டளை கொண்டு யூடிஎஃப்-8 ஆக்குங்கள். நேரமும் உலகப் பொது நேரம்தான். சிங்கப்பூரில் காலை 7 மணிக்குக் கண்டெடுத்தது முந்தைய நாள் 23 மணி என்று நிற்கும், 8 மணி நேரம் கூட்டிப் படியுங்கள்.