சி-18 குழலுக்குள் மிஞ்சிய சிலனால்கள்

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் திரவ நிறப்பிரிகைக்கான (குரோமட்டோகிராபி) இரண்டு குழல்களிலும் சி-18 என்றே எழுதியிருக்கிறது, கரைப்பானும் வெப்பநிலையும் ஒன்றே. அப்படியிருக்க, அமிட்ரிப்டிலின் என்ற மருந்து ஒன்றில் முந்தியும் மற்றொன்றில் வெகுநேரம் பிந்தியும் வெளியேறுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

நகரும் நிலைமையோடு, அதாவது குழலில் பாயும் கரைப்பானோடு, ஓடும் மூலக்கூறு விரைவில் வெளிவரும், நிலையான நிலைமையில், அதாவது குழலுக்குள் நிலைத்திருக்கும் பொருளில், தங்கித் தங்கிச் செல்வது பிந்தும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். சி-18 குழலில், நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா மணிகளின் மேல் பிணைக்கப்பட்ட 18 கார்பன் சங்கிலிகளே நிலையான நிலைமை. நீர் கலந்த கரைப்பானில் எண்ணெய்த்தன்மை மிகுந்த மூலக்கூறுகள் இச்சங்கிலிகளிடையே ஒதுங்குகின்றன. டொலுயீனைவிட ஒரு கார்பன் கூடுதலாகக் கொண்ட எத்தில் பென்சீன் பிந்தி வருவது இதனால்தான்.

ஆனால் சங்கிலிகளுக்கு அடியில் இருப்பதுதான் என்னைக் கவர்ந்தது. சிலிக்காவின் பரப்பில், ஒரு சதுர நானோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள், உள்ளன. சங்கிலிகள் இவற்றோடுதான் பிணைக்கப்படுகின்றன. எனினும் ஒவ்வொரு சங்கிலியும், அதன் அடியிலுள்ள சிலிக்கான் அணுவில் ஒட்டிய இரண்டு மெத்தில் தொகுதிகளும், பக்கத்து இடங்களை மறைத்துக்கொள்வதால், சிலனால்களில் ஏறத்தாழ பாதி வினையுறாமல் தங்கிவிடுகிறது. சிறிய ட்ரைமெத்தில்சிலில் தொகுதிகளால் மிச்சத்தை மூடும் உத்தியும் முழு வெற்றி தருவதில்லை.

பிஎச் 7 அளவில் அந்த மிச்சத்தில் ஒரு பகுதி புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெறுகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற, நைட்ரஜன் கொண்ட காரங்களான அமீன்களோ புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையோடு வருகின்றன. வலிமையாகப் பற்றும் இடங்கள் சிலவே என்பதால், அவற்றில் சிக்கிய மூலக்கூறுகள் மற்றவற்றுக்குப் பின் மெல்ல மெல்ல விடுபடுகின்றன. வெளிவரும் அளவை நேரத்தோடு வரைந்து காட்டும் திரையில், மருந்தின் முகட்டின் முன்பக்கம் செங்குத்தாக எழும்பி, பின்பக்கம் நீண்ட வாலாகச் சரிவது அதனால்தான். மாதிரியைக் கூடுதலாகச் செலுத்தினால் அவ்விடங்கள் நிரம்பிவிட, முகட்டின் உச்சி முன்னே நகர்கிறது. ஒரு பரப்பின் வேதியியல் இவ்வளவு வெளிப்படையாகக் கண்ணில் படுவது அரிது. கரைப்பானை பிஎச் 3-க்குக் கீழே அமிலமாக்கினால் பெரும்பாலான சிலனால்கள் மின்சுமையை இழக்க, வாலும் சுருங்குகிறது.

சிலிக்காவில் கலந்துள்ள இரும்பு, அலுமினியம் போன்ற உலோக மாசுகள் அருகிலுள்ள சிலனால்களின் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. ஆகவே மூலப்பொருளின் தூய்மை, சங்கிலிகளின் அடர்த்தி, மிச்சத்தை மூடிய விதம் ஆகிய மூன்றும், 18 என்ற எண்ணுக்கு இணையாகக் குழலின் பெயர்ச்சீட்டில் அச்சிடப்பட வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர், பிஎச் 7 கரைப்பானில் டொலுயீனையும் அமிட்ரிப்டிலினையும் இரண்டு குழல்களிலும் செலுத்திப் பார்க்கட்டும். மின்சுமையற்ற டொலுயீன் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, மருந்து மட்டும் ஒன்றில் வாலோடு பிந்தினால், சங்கிலிகளை விட்டுவிட்டுச் சிலனால்களைத்தான் அவர் ஆராய வேண்டும்.