வரப்பு மரம் பயிரின் பங்கைத் தின்னுமா?

திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, அத்திப்பட்டின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டினால், மீஞ்சூருக்கு அப்புறம் வயல்கள் கண்ணில் படும். வரப்பில் பனை, மணல் மேட்டில் சவுக்கு. "மரம் வைத்தால் விளைச்சல் படுத்துவிடும்" என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை.

முதலில் வெயில். நெல், நிலக்கடலை போன்றவற்றின் இலையால் உச்சி வெயில் முழுவதையும் பயன்படுத்த முடியாது. ஏறக்குறைய பாதி ஒளியிலேயே அது தன் முழு வேகத்தை எட்டிவிடும். அதனால் அகத்தி போன்ற மரத்தின் சல்லடை நிழல் பெரிய நஷ்டம் இல்லை. சோளமும் கரும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு வெயில் எவ்வளவு இருந்தாலும் வேண்டும்.

அடுத்து மண். பயிரின் வேர் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே நின்றுவிடும். மழைநீரோடு கீழே இறங்கிப்போகும் நைட்ரேட் என்ற தழைச்சத்து அதற்குக் கைநழுவிய சொத்து. ஆழ வேர்விட்ட மரம் அதைப் பிடித்து, சருகாக மேலே உதிர்த்துவிடுகிறது. சவுக்கு இன்னொன்றும் செய்யும். அது அவரைக் குடும்பமில்லை. ஆனாலும் அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. உப்பையும் ஓரளவு தாங்கும் மரம் அது. அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த மீஞ்சூர்ப் பக்கத்துக்கு இது சின்ன விஷயமில்லை. சவுக்குக் கன்று சிறிதாக இருக்கும்வரை இடையில் நிலக்கடலை போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டுக்கிடை, அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைப்பது. அகத்தித் தழையில் புரதம் அதிகம்; உலர்ந்த எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆடு அதைத் தின்றாலும், அதிலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. கொட்டகையில் கட்டினால் மூத்திரம் வீணாகும், அம்மோனியாவாகக் காற்றில் போகும். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டால் பெரும்பங்கு நேராக மண்ணுக்குள் இறங்கும். மரம் சேர்த்ததை ஆடு சுமந்துபோய் வயலில் கொட்டுகிறது!

சரி, அந்த மீதிப் பாதி உண்மை? மரத்தின் பக்க வேர்கள் மேல் மண்ணில் பரவினால் பயிரோடு தண்ணீருக்குப் போட்டி போடத்தான் செய்யும். மர வரிசைக்கும் பயிருக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்தால் அந்த வேர்கள் அறுபடும். ஒருமுறை எடுத்தால் போதாது. வேர் திரும்ப வரும், பள்ளத்தையும் திரும்ப எடுக்க வேண்டும்.