சன் கன்யூர் வளர்க்கிறீர்களா? வாரம் ஒரு முறை எடை போடுங்கள்

சென்ற கோடையில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா, ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் தன் சன் கன்யூர் கிளியைக் கொண்டு வந்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. காலையிலதான் கூண்டு அடியில போய் உக்காந்துக்கிச்சு" என்றார். மஞ்சளும் ஆரஞ்சும், இறக்கையில் பச்சையும் நீலமுமாக, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இறகை விலக்கி நெஞ்சில் விரல் வைத்தேன். நடு எலும்பு கத்தி போல நிமிர்ந்து நின்றது, இரண்டு பக்கமும் சதை இல்லை. தராசில் 84 கிராம். நன்றாக இருக்கும் சன் கன்யூர் 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். இது ஒரே ராத்திரியில் இளைத்த உடம்பு இல்லை.

கிளி இனம் நோயைக் கடைசி வரை மறைக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் பருந்துக்கு இரையாகிவிடும், அந்தப் பழக்கம் கூண்டிலும் போவதில்லை. போதாக்குறைக்கு இறகு இளைப்பை மூடிவிடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒரு நாள், காலையில் தீனி வைக்கும் முன் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அந்தப் பறவை மூன்று வருடமாகத் தின்றது சூரியகாந்தி விதை மட்டும். அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். அந்தச் சத்து குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாயின் உள்தோல் கெட்டு, கிருமி சுலபமாக நுழையும். முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி கொடுங்கள். மிளகாய் கூடக் கொடுக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. அவகாடோ, சாக்லேட், காபி ஆகாது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது கூண்டு பால்கனியில் இருக்கக் கூடாது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பை விட்டு விரித்து நின்றால் உடனே நிழலுக்கு மாற்றி, மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சமையலறையிலும் கூண்டு வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும்.

இது கயானா, வட பிரேசில் பக்கத்துப் பறவை. கூண்டுக்காகப் பிடித்தே காட்டில் அருகிவிட்டது. குஞ்சில் பச்சையாக இருக்கும், முழு நிறம் வர ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடத்துக்கு மேல் இருக்கும், வாங்கும் முன் அதை யோசியுங்கள். மத்திய அரசின் 2024 விதிகளின்படி, அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பறவையைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

அந்த அம்மா இப்போது ஞாயிறுதோறும் எடையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இந்த வாரம் 103. முருங்கைக்கீரையை மட்டும் இன்னும் கொத்திக் கீழே போட்டுவிடுகிறதாம். பொடியாக நறுக்கி, ஈரமாக விதையோடு பிசறி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.