இறால் தலையில் இருக்கும் சிவப்பைக் குப்பையில் போடாதீர்கள்

இறாலைச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய பாதி எடை தலையும் ஓடுமாகக் கழிந்துவிடும். அஸ்டாசாந்தின் என்ற நிறமி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பச்சை இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். சூடுபட்டுப் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வரும். தீவனத்தில் கரோட்டினாய்டு (அஸ்டாசாந்தின் சேர்ந்த நிறமி வகை) குறைந்த குளத்து இறால் வெந்த பிறகும் வெளிறியே இருக்கும்.

இந்த நிறமி கொழுப்பில்தான் கரையும். தலையை வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சாறு ருசிக்கும், சிவப்போ பெரும்பாலும் ஓட்டிலேயே தங்கிவிடும். 100 கிராம் தலையையும் ஓட்டையும் அலசி, நீர் வடித்து, அரைத்து, 200 கிராம் சூரியகாந்தி எண்ணெயில் கலக்குங்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 70 டிகிரியில் இரண்டரை மணி நேரம் விட்டு, சூடாகவே துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் நீரை அவசியம் பிரிக்க வேண்டும். அது கலந்திருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். குளிர்பெட்டியில் வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் சமையலில் தீர்த்துவிடுங்கள்.

பலர் அவசரப்பட்டு அடுப்பை ஏற்றி வறுக்கிறார்கள். எண்ணெய் பழுப்பாகும், நிறமி சிதையும். ஓட்டை வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பதும் வீண். நிறமியின் மூலக்கூறில் ஆக்சிஜனின் தாக்குதலைத் தடுக்க உதவும் இரட்டைப் பிணைப்புத் தொடரே ஒளியும் காற்றும் பட்டால் முதலில் உடைகிறது. தலையில் செரிமான நொதிகளும் கொழுப்பும் அதிகம் என்பதால் ஐஸ் இல்லாமல் கிடந்த தலை எதற்கும் உதவாது.

தலை கறுப்பது வேறு விவகாரம். அது நொதியின் வேலை. அதைத் தடுக்க மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்குவது வழக்கம். இந்த உப்பு மூச்சுத்திணறலைத் தூண்டலாம் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் வாங்கும் இடத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஆக்சிஜனின் தாக்குதலைத் தடுப்பதில் "வைட்டமின் சி-யை விட 6000 மடங்கு" என்று அஸ்டாசாந்தின் மாத்திரை விளம்பரம் சொல்கிறது. ஒற்றை நிலை ஆக்சிஜன் எனப்படும் ஒரே வகை ஆக்சிஜனைச் சோதனைக் குழாயில் தணித்த கணக்கு அது. உடலுக்குள் அப்படியே நடக்கும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. துணை உணவாக எடுப்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்றது நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வரைதான்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த எண்ணெய் கூடவே கூடாது. ஒவ்வாமை தரும் ட்ரோபோமயோசின் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது. வடிகட்டிய எண்ணெயிலும் ஒட்டி நிற்கலாம்.